வீட்டை வாங்கிவிட்டு வண்டி தேடியவர்

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் என் பெட்டியை எடை போட்ட பெண், மூன்று கிலோ அதிகம் என்றாள். சங்ககிரியில் முப்பத்தொரு வருடம் லாரி எடைமேடை நடத்தியவள் நான். எனக்கே எடை சொல்கிறாளா என்று கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. வீட்டில் எடை போட்டு முடித்த பிறகு, தங்கைக்கு வாங்கிய இரும்பு தோசைக்கல்லைச் சேலைக்கு நடுவில் செருகியதை மறந்துவிட்டேன். வழியனுப்ப வந்தவர்களிடம் கல்லைக் கொடுத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மெல்போர்ன் போய்ச் சேர்ந்தேன்.

ஊர் சுற்றிப் பார்க்க நான் போகவில்லை. வண்டி பார்க்கப் போனேன்.

என் தங்கை மலர்க்கொடியின் கணவர் சிவனேசன் யாழ்ப்பாணத்துக்காரர். படிக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவர். போன வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆஸ்திரேலியாவை முழுக்கச் சுற்றப்போவதாகச் சொல்லி, சக்கரம் வைத்த வீடு ஒன்றை வாங்கிவிட்டார். அங்கே அதற்கு கரவன் என்று பெயர். கட்டில், அவர்கள் குசினி என்கிற சமையலறை, கக்கூஸ் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. அதை இழுக்க வண்டி வாங்கவில்லை. வீட்டைப் பார்த்ததும் பிடித்துவிட்டதாம். வண்டியைப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்தாராம். மாட்டை வாங்காமல் பாரவண்டியை வாங்கிய முதல் ஆள் இவராகத்தான் இருக்கும்.

அதுவும் சாதாரண கரவன் இல்லை. சாதாரணமானது காரின் வாலில் கொக்கி மாட்டி இழுப்பது. இது எங்கள் ஊர் டிரெய்லர் லாரி மாதிரி. முன்பக்கம் ஒட்டகக் கழுத்தாக நீண்டு, இழுக்கிற வண்டியின் முதுகில் ஒரு தட்டின்மேல் உட்கார வேண்டும். இந்த வகைக்கு எந்த வண்டி சரி என்று பத்துப் பேரைக் கேட்டு, பதினோரு பதில் வாங்கி வைத்திருந்தார். கடைசியில்தான் என் ஞாபகம் வந்திருக்கிறது.

வாசலில் பெட்டியை இறக்கும் முன்பே சொன்னார். "அக்கா, நீங்கள் சொல்லுற வண்டியை எடுப்பன். ஒண்டும் சரிவராது எண்டு சொன்னியள் எண்டால், கரவனை வித்துப்போட்டுப் பேசாமல் இருப்பன். இனி உங்கட வாய்தான்."

"பேச்சு மாறக்கூடாதுங்க."

"மாறமாட்டன்."

மலர் அவருக்குப் பின்னால் நின்றாள். கல்யாணமான இருபத்தேழு வருடத்தில் அவள் பேச்சு முழு யாழ்ப்பாணமாகிவிட்டது. "அக்கா, கதிரையில இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்கிறாள். என் கூடப்பிறந்தவளா என்று சந்தேகமாக இருந்தது. ஆனால் குசினிக்குள் நான் போனதும், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்துக்கு நடுவே சங்ககிரித் தமிழில் முணுமுணுத்தாள்.

"அக்கா, எந்த வண்டியப் பாத்தாலும் செரியில்லீன்னு சொல்லீரு."

"ஏன்டி?"

"சொல்லீரு, அவ்வளவுதான்."

"எடையில நான் பொய் சொன்னதில்ல. உனக்காகவும் சொல்லமாட்டேன்."

குழாயை மூடினாள். தேத்தண்ணியில் சர்க்கரை போடவில்லை. மறந்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மறுநாள் டாண்டினாங் பக்கம் ஒரு நீளமான சாலைக்குக் கூட்டிப்போனார். இரண்டு பக்கமும் வண்டி விற்கும் இடங்கள். கொடி பறக்கிறது, பலூன் பறக்கிறது. எங்கள் ஊரில் பழைய லாரி விற்பவன் தன் லாரியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லமாட்டான், வேண்டுமென்றால் எடு, இல்லாவிட்டால் போ என்பான். இங்கே அரைக்கால்சட்டை போட்ட ஒரு விற்பனையாளன் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டான். நேற்று என் தங்கைகூட அதைக் கேட்கவில்லை.

முதலில் நான்கு கதவு வைத்த வெள்ளை பிக்கப். அங்கே யூட் என்கிறார்கள். சிவனேசன் அதைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது, மனதுக்குள் எப்போதோ வாங்கிவிட்டார்.

"மூண்டரை டன் இழுக்குமாம் அக்கா. கரவன் மூண்டு டன்தான்."

"இழுக்கும். முதுகுல எவ்வளவு தாங்கும்னு கேளுங்க."

அவர் கேட்டார். விற்பனையாளன் மறுபடியும் மூன்றரை டன் இழுக்கும் என்றான். மறுபடியும் கேட்கச் சொன்னேன். "உங்கள் அம்மா மெக்கானிக்கா?" என்று கேட்டானாம். சிவனேசனுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். அதை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம்.

நானே கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த எடைத் தகட்டைப் படித்தேன். எல்லாம் சேர்த்து அந்த வண்டி எவ்வளவு எடை போகலாம் என்பது அதில் இருக்கிறது. அதிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் முதுகு தாங்குவது தெரியும். கரவனின் கழுத்து ஐந்நூறு கிலோ என்று அதன் காகிதம் சொல்கிறது. அதைத் தாங்கும் தட்டு, முன்னால் மாட்டுகிற இரும்புக் கம்பி, ஏறி உட்காரும் ஆட்கள், அவர்கள் கூடவே வருகிற மூட்டைகள். கூட்டினால் வண்டி தாங்கும் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. போதாததற்குப் பின்னால் தொட்டி குட்டை. கழுத்து பின் அச்சுக்கு நேர்மேலே உட்கார வேண்டும். இதில் உட்கார்ந்தால், திருப்பத்தில் கரவனின் மூக்கு வண்டியின் பின்கண்ணாடியில் இடிக்கும்.

"இது மாப்பிள்ளை வண்டிங்க. பொண்ணு பாக்கப் போகலாம். வீட்ட இழுக்க முடியாது" என்றேன்.

அடுத்தது அமெரிக்கப் பிக்கப். முன்பக்கம் ஊராட்சி அலுவலகம் அளவுக்கு இருந்தது. தகட்டைப் பார்த்தால் முதுகு தாங்குவது முதல் வண்டியைவிடக் குறைவு. தன் உடம்பைச் சுமக்கவே அதன் பலமெல்லாம் போய்விடுகிறது. எங்கள் சொந்தத்தில் இப்படி ஒரு பெரியப்பா உண்டு. கல்யாண வீட்டில் பந்தி வரை நடந்ததற்கே மூச்சு வாங்குவார்.

அவன் இடத்தின் கடைசியில் ஓர் ஓரமாகச் சின்ன ஜப்பான் லாரி ஒன்று நின்றது. தட்டையான முகம், மூன்று பேர் உட்காரும் முன்பக்கம், பின்னால் மூடாத வெறும் தளம். கார் லைசென்ஸே போதும். தகட்டைப் படித்தேன். முதுகில் ஒன்றரை டன்னுக்கு மேல் தாங்கும். கீழே குனிந்து அச்சைப் பார்த்தேன். கழுத்து உட்கார வேண்டிய இடத்தில் சரியாக இருந்தது.

"இதுதான்" என்றேன்.

சிவனேசன் அக்கம்பக்கம் பார்த்தார். "அக்கா, இது காஸ் சிலிண்டர் கொண்டு வாற லொறி. பாண் கொண்டு வாற லொறி. இதில போய் இறங்கினால் சனம் என்ன நினைக்கும்?"

"ரொட்டி வந்துருச்சுன்னு நினைக்கும். சந்தோசப்படும்."

வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார். "முதல்ல கரவனை நிறுப்பம். காகிதத்தில இருக்கிறது சரியோ எண்டு பார்ப்பம்." நிறுத்துப் பார்த்துக் கழுத்து குறைவாக வந்தால் வெள்ளை வண்டியை வாங்கிவிடலாம் என்று அவருக்கு ஆசை. நிறுக்கச் சொன்னவரை நான் எப்போதும் தடுத்ததில்லை.

இரண்டு நாள் கழித்து, கரவன் இழுப்பதையே தொழிலாகச் செய்யும் ஒருவர் தன் லாரியோடு வந்தார். மண்ணும் ஜல்லியும் விற்கும் ஒரு இடத்தில் எடைமேடை இருந்தது. மேடையைப் பார்த்ததும் எனக்கு உடம்பு நிமிர்ந்துவிட்டது. அதே இரும்புப் பலகை, அதே தூசி, ஜன்னலுக்குப் பின்னால் என் வயதில் ஒரு கனத்த பெண்மணி. கையில் சூயிங்கம் உறை, முகத்தில் கடுப்பு. நான் சங்ககிரியில் எப்படி உட்கார்ந்திருப்பேனோ அப்படியே.

சிவனேசன் மேடைமேல் நின்றுகொண்டு போட்டோ எடுத்தார். அந்த அம்மாள் ஜன்னலைத் தட்டி ஏதோ கத்தினாள். எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. முப்பத்தொரு வருடமாக நான் கத்தியது அதுதான். மேடையை விட்டு இறங்கு. டிரைவரும் கிளீனரும் மேடைமேல் நின்று எடையைக் கூட்டுவார்கள், காலியாக எடை போடும்போது தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வருவார்கள். அத்தனை திருட்டும் எனக்குப் பாடம். அவளுக்கும் பாடமாக இருக்கும். ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துத் தலையாட்டினேன். "கிராஸ், டேர், நெட்" என்றேன். மொத்த எடை, காலி எடை, சரக்கின் எடை. எனக்குப் பேசத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குக் கதவைத் திறந்து உள்ளே உட்கார வைத்தாள்.

லாரியைத் தனியாக நிறுத்தோம். பிறகு கழுத்தை லாரிமேல் வைத்து, கரவனின் சக்கரங்கள் மட்டும் மேடைக்கு வெளியே நிற்கும்படி நிறுத்தோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கழுத்தின் எடை.

எழுநூற்று எழுபது.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம். எவனோ ஏமாற்றுகிறான்.

கரவனுக்குள் நான் தனியாகத்தான் ஏறினேன். கழுத்துப் பகுதியில் கட்டில். மெத்தையைத் தூக்கினால் அடியில் சாமான் பெட்டி. மேலே போர்வைகள், அவற்றுக்குக் கீழே இருபது கிலோ அரிசிப் பைகள் ஐந்து. சரி, சாப்பிடுகிற சனம். அதற்கும் கீழே பழைய சேலை சுற்றி வரிசையாக அடுக்கியிருந்தவை இரும்புத் தட்டுகள். சிட்னியில் வேலை பார்க்கும் அவர்கள் மகன் உடற்பயிற்சிக்கு வாங்கி, கராஜில் விட்டுப் போனவை. ஊர் சுற்றப் போகிறவர்கள் யாரும் அதைக் கூடவே கொண்டுபோக மாட்டார்கள். சேலையைப் பார்த்தேன். அவள் கல்யாணத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த நீலச் சேலை.

நிறுக்கலாம் என்று பேச்சு வந்த பிறகு, வாசலில் நின்ற கரவனில் இந்த இரண்டு நாளுக்குள் ஏற்றியிருக்கிறாள். நான் பொய் சொல்லமாட்டேன் என்றதால், என் எடையையே பொய்யாக்கிவிட்டாள்.

மெத்தையை மூடினேன். வெளியே சிவனேசன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முகம் வெளுத்து நின்றார். "எழுநூற்று எழுபதோ? அக்கா, கரவன்ர கழுத்துக்கு எழுநூறுதான் உச்சம் எண்டு காகிதத்தில கிடக்கு, அப்ப எந்த வண்டியும் சரிவராதே. விக்கத்தான் வேணுமோ?" வண்டி நன்றாக இல்லை என்று நான் கேலி செய்தபோது வராத வருத்தம் அந்தக் குரலில் இருந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காய்கறி வாங்க வேண்டும் என்று சொல்லி மலரை ரயிலில் ஸ்பிரிங்வேலுக்குக் கிளப்பினேன். ரயில் நகர்ந்ததும் கேட்டேன்.

"இரும்ப எதுக்குடி ஏத்துனே?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "என்ன இரும்பு? எனக்கு விளங்கேல்ல."

"யாழ்ப்பாணம் பேசாத. நீலச் சேலையில சுத்துன இரும்பு."

பிறகு வாக்குவாதம். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எங்களைக் கவனித்தாள். ஒரு வார்த்தை புரிந்திருக்காது, ஆனாலும் ரசித்தாள். ஸ்பிரிங்வேல் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கிளேட்டனில் இறங்கித் திரும்புகிற ரயிலுக்கு நின்றபோதுதான் மலர் வாய் திறந்தாள்.

"அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்குது அக்கா. உங்கிட்டச் சொல்லவேண்டாம்னாரு. இங்க ஊருக்கும் ஊருக்கும் நடுவால நாள் முழுக்கப் போனாலும் ஒரு வீடு இருக்காது. அங்க அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அந்த ரயில் பெட்டிய நான் என்ன பண்ணுவேன்?"

"ஓட்டிட்டு வருவே. லைசென்ஸ் இருக்குதல்ல?"

"அவரு இருக்கறப்ப நான் சாவியத் தொட்டதே இல்ல. அவரு பக்கத்துல உக்காந்தா நான் காரக்கூட நேரா ஓட்டமாட்டேன்னு சொல்லுவாரு."

"நீ லாரி ஓட்டுவேன்னு அவருக்குத் தெரியுமா?"

எங்கள் எடைமேடையில் டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டால், பின்னால் வரிசை நிற்கும். அப்போது லாரியை மேடையில் ஏற்றி இறக்கியது இவள்தான். பதினெட்டு வயதில் டிரெய்லரைப் பின்னுக்கு எடுப்பாள். அதைக் கல்யாணப் பேச்சில் சொல்லவேண்டாம் என்று மறைத்தது நாங்கள். மறைத்தது அப்படியே மறைந்துபோயிருக்கிறது.

ஸ்பிரிங்வேலில் ஒரு வியட்நாம் கடையில் உட்கார வைத்தாள். கோழி ரசத்தில் இடியாப்பத்தை மிதக்கவிட்ட மாதிரி, குளிப்பாட்டும் குண்டான் அளவுக்கு ஒரு கிண்ணம் வந்தது. மேலே பச்சையாக ஏதோ தழை. ஆட்டுக்குப் போடுவதை எனக்குப் போட்டிருக்கிறார்களே என்று நினைத்தேன். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன். மலர் பாதியோடு நிறுத்திவிட்டாள்.

"அவருகிட்டச் சொல்லப் போறியா?" என்றாள்.

"இரும்பச் சொல்லமாட்டேன். அத நீயே எறக்கீரு."

மறுநாள் சிவனேசனிடம் சொன்னேன். "மறுபடியும் நிறுக்கோணுங்க. அரிசி முன்னால இருந்துச்சு, பின்னால மாத்தியாச்சு. அப்புறம், வண்டிய நான் சொல்றதுக்கு முன்னால மலர் ஓட்டிப் பாக்கோணும்."

"மலரோ? அக்கா, மலருக்கு இது சரிவராது."

"அப்ப கரவன வித்துருங்க. பேச்சு மாறமாட்டேன்னீங்க."

என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். முறைப்பதில் எனக்கு அனுபவம் அதிகம்.

வெள்ளை வண்டியில் மலர் உட்கார்ந்தாள், இறங்கினாள். அமெரிக்க வண்டியில் ஏறவே விற்பனையாளன் கை கொடுக்க வேண்டியிருந்தது. சின்ன லாரியில் ஏறியதும் இருக்கையை முன்னுக்கு இழுத்தாள், இரண்டு கண்ணாடியையும் சரி செய்தாள், கதவைச் சாத்தினாள். நானும் விற்பனையாளனும் பக்கத்தில். சிவனேசன் வெளியே, நெஞ்சில் கை வைத்தபடி. ஸ்டென்ட் வைத்த இடம் அதுதானோ என்னவோ. சாலையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு, நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவே இருந்த சந்தில், பின்பக்கமாக, கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரே தடவையில் உள்ளே விட்டாள். விற்பனையாளன் முதல்முறையாகப் பேசாமல் இருந்தான்.

சிவனேசன் ஜன்னல் பக்கம் வந்தார். "உமக்கு லொறி ஓடத் தெரியுமோ?"

"ஓம்."

"இருபத்தேழு வருசமா ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் கேக்கேல்ல."

வண்டியைச் சுற்றி வந்து ஒரு டயரை உதைத்துப் பார்த்தார். பிறகு பாண் லொறிக்குக் கையெழுத்துப் போட்டார்.

மறுபடி நிறுத்தபோது கழுத்து ஐந்நூற்று முப்பது. எடைமேடை அம்மாள் சீட்டை நீட்டிவிட்டு, கண்ணைச் சுருக்கி என் தங்கையைப் பார்த்தாள். திருடியைக் கண்டுபிடித்துவிட்டாள். வெளியே சொல்லவில்லை. தொழில் தர்மம்.

லாரியில் கழுத்து உட்காரும் தட்டைப் பொருத்த மூன்று வாரமாயிற்று. முதல் பயணம் சிட்னிக்கு, மகனைப் பார்க்க. அதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. மெல்போர்ன் தமிழர்கள் விமானத்துக்குப் பெட்டி கட்டும்போது கிராம் கணக்குப் பார்ப்பார்கள். காரில் யாராவது சிட்னி போகிறார்கள் என்றால் கணக்கே கிடையாது. கிளம்புகிற காலையில் வாசலில் வரிசை. சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கும் மகளுக்கு மிளகாய்த்தூள், மருமகனுக்குக் கருவாடு, மாவிடிக்கிற உரல். ஓர் அன்ரி இடுப்பளவு பித்தளைக் குத்துவிளக்கைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்.

பெட்டி தூக்கிப் பார்க்கிற கைத் தராசை எடுத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன்.

"இது சின்னச் சாமான் தானே பிள்ளை" என்றார் அன்ரி.

"பதினேழு கிலோ சின்னச் சாமான். உருண்டுச்சுன்னா உங்க விளக்கு எங்க மண்டையிலதான் எரியும்."

அன்ரி என் தங்கையிடம், "இவ ஆர், கஸ்டம்ஸோ?" என்று கேட்டார். கருவாட்டை மட்டும் அனுமதித்தேன். அது எடையில்லாத சாமான். நாற்றம் மட்டும் நூறு கிலோ இருந்தது.

மூன்று பேர் உட்காரும் முன்பக்கத்தில் நடுவில் நான். ஊரை விட்டு வெளியேறியதும் இரண்டு பக்கமும் மஞ்சள் புல், ஆடுகள், ஒன்றுமில்லை. சேலத்திலிருந்து ஈரோடு போவதற்குள் இருபது டீக்கடை வரும். இங்கே ஒரு டீக்கடைக்காக ஊர் விட்டு ஊர் போக வேண்டும். முதல் பாதி சிவனேசன் ஓட்டினார். நன்றாகத்தான் ஓட்டினார். எதிரே கரவன் இழுத்து வருகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைத்தார்கள். பாண் லொறிக்கும் வைத்தார்கள். மூன்றாவது விரலிலேயே அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பதிலுக்கு முழுக்கையையும் தூக்கினார்.

பாதி வழியில் ஒரு சின்ன ஊரில் நிறுத்தி, பை என்று அங்கே சொல்கிற, இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம் வாங்கினோம். வெளியே சூடு, உள்ளே நெருப்பு. என் நாக்கு சிட்னி வரை வெந்துபோயிருந்தது, அதனால் நான் அதிகம் பேசவில்லை என்று இரண்டு பேரும் சந்தோசப்பட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் சிவனேசன் சாவியைப் பார்த்தார், மலரைப் பார்த்தார். மேசைமேல் சாவியை வைத்து, விரலால் மெதுவாக அவள் பக்கம் தள்ளினார். அவள் கை துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

முதல் அரைமணி நேரம் அவர் கால், இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தது. பிறகு தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு, என் தோளில் சாய்ந்து. மலர் ஓரக்கண்ணால் பார்த்து, "மூச்சு வருதா?" என்று கேட்டாள். "குறட்டையே வருது" என்றேன். அதற்குப் பிறகு அவள் கை ஸ்டியரிங்கில் தளர்ந்தது.

மகன் எங்களுக்குச் சிட்னியில் ஹரிஸ் பார்க் என்கிற இடத்தில் தோசை வாங்கித் தந்தான். நீளம் இருந்தது, வேறு எதுவும் இல்லை. தோசைக்கல்லைக் கோயம்புத்தூரில் விட்டு வந்ததற்கு அன்றுதான் நிஜமாக வருந்தினேன். ஆனால் அது மறுநாள் கதை. முந்தின சாயங்காலம், சிட்னிக்கு வெளியே கரவன்கள் நிறுத்தும் இடத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

எங்களுக்குக் கொடுத்த இடம் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு சிமெண்ட் மேடை. பின்பக்கமாகத்தான் உள்ளே விட வேண்டும். மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். புதிதாக வருகிறவன் கரவனைப் பின்னுக்கு எடுப்பதுதான் அங்கே தினசரி நாடகமாம். சிவனேசன் குதித்து இறங்கி, சிமெண்ட் மேடைக்கு நடுவில் போய் நின்றுகொண்டு இரண்டு கையையும் ஆட்டினார். இடது, இல்லை வலது, வாரும், நில்லும், வாரும்.

மலர் பிரேக்கைப் போட்டாள். கண்ணாடியை இறக்கினாள். தலையை வெளியே நீட்டி, இருபத்தேழு வருட யாழ்ப்பாணத்தை ஒரே மூச்சில் துப்பிவிட்டு, சங்ககிரி எடைமேடையில் நான் கத்துகிற அதே குரலில் கத்தினாள்.

"ஏனுங்க, மேடைய உட்டு எறங்குங்க."

அவர் இறங்கினார்.